ஓடாமலே கிழடாகும் வண்டிகள்

பழைய பைக் விற்கிறவர்கள் சொல்லும் வசனம் கடலூரிலும் ஒன்றுதான், சிதம்பரத்திலும் ஒன்றுதான். "தம்பி, வண்டி ஓடவே இல்ல. மீட்டரைப் பாருங்க, பதினோராயிரம்தான். ஷெட்டுலயே நின்னுது." கேட்கிறவருக்கு உடனே மனசு குளிர்ந்துவிடும். முப்பது வருடத்து வண்டி, ஆனால் ஓடியது பதினோராயிரம் கிலோமீட்டர்! புது வண்டி மாதிரிதானே என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

இங்கேதான் ஒரு சின்ன கணக்குத் தப்பு. பி.காம். முதல் வருடத்துக் கணக்குப் பதிவியலில் 'தேய்மானம்' என்று ஒரு பாடம் வரும். ஒரு சொத்தின் மதிப்பு ஏன் குறைகிறது என்று அதில் மூன்று காரணங்களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். உபயோகத்தால் தேய்வது ஒன்று, காலம் கழிவதால் குறைவது ஒன்று, வழக்கொழிந்து போவதால் குறைவது ஒன்று. மீட்டரைப் பார்த்து பைக் வாங்குகிறவர் முதல் காரணத்தை மட்டும் பார்க்கிறார். மற்ற இரண்டும் வீட்டுக்கு வந்த பிறகு பில்லாக வருகின்றன :-)

அந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க பரங்கிப்பேட்டையை விட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் வெள்ளாற்றுக் கழிமுகம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல் உயிரியல் ஆய்வு மையத்தை இங்கே வைத்திருப்பதற்குக் காரணமே இந்த உப்புத் தண்ணீர்தான். ஆராய்ச்சிக்கு நல்லது, இரும்புக்கு நல்லதில்லை.

இரும்பு என்றதும் ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். போர்ட்டோ நோவோ என்ற பெயரில் இந்த ஊரைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு 1781-ல் ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் நடந்த சண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் 1830-ல் இங்கே ஒரு இரும்பு ஆலை வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் ஆரம்பித்தது. நவீன ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்க இந்தியாவில் நடந்த முதல் பெரிய முயற்சிகளில் இதுவும் ஒன்று. சேலம் பக்கத்து மாக்னடைட் தாதுவை இங்கே கொண்டு வந்து, மரக்கரியில் உருக்கி, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஷெஃபீல்டு எஃகுப் பட்டறைகளுக்குப் பரங்கிப்பேட்டை இரும்பு போனது. கரிக்கு மரம் கிடைக்காமல், செலவு கட்டுப்படியாகாமல் 1860-களில் கதை முடிந்தது. ஹீத் 1839-ல் எஃகு தயாரிப்பில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதை வைத்து ஷெஃபீல்டு முதலாளிகள் பணம் பார்த்தார்கள், அவரோ வழக்குகளில் சொத்தை இழந்து 1851-ல் இறந்தார். பரங்கிப்பேட்டை இரும்பு ஊருக்கு எதுவும் விட்டுப் போகவில்லை. இப்போது அதே ஊருக்கு வேறு வடிவத்தில் இரும்பு திரும்பி வருகிறது. வந்து துருப்பிடிக்கிறது!

சரி, பைக்குக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றால் வெகுகாலம் வரைக்கும் ஒரே பெயர்தான். 1949 முதல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் ராயல் என்ஃபீல்டு புல்லட்டை இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்து விற்றது. ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதால் 1955-ல் ரெட்டிச் ஊரிலிருந்த தாய் நிறுவனத்தோடு சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்களை வாங்கிப் பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. வேடிக்கை என்னவென்றால் 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது, திருவொற்றியூர் புல்லட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து மாநிலத்தில் மைசூர் ஐடியல் ஜாவா 1961 முதல் ஜாவாவையும், 1973-க்குப் பிறகு யெஸ்டியையும் தயாரித்தது. வடக்கே எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத்.

அந்தக் காலத்தில் எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதற்கே அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. கிடைத்த வண்டியை உடனே கைமாற்றினால் கம்பெனி விலையை விட அதிகம் கிடைக்கும். தேவை அதிகம், அளிப்பு குறைவு என்ற பொருளாதாரப் பாடம் அப்படியே தெருவில் நின்றது. அதனால் யாரும் வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கவில்லை. வாங்கினார்கள், ஓட்டினார்கள், கெட்டால் பிரித்து மாட்டினார்கள். 'ஓடாத பழைய வண்டி' என்கிற இனமே அப்போது அபூர்வம்.

அது மாறியது 1980-களில். சிறிய இரு சக்கர வாகனங்களுக்கு வெளிநாட்டுக் கூட்டை அரசு அனுமதித்ததும் ஜப்பான் வந்து இறங்கியது. 1984-ல் ஓசூரில் இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருட நவம்பரில் எஸ்கார்ட்ஸ் தொழிற்சாலையிலிருந்து யமஹா ஆர்எக்ஸ் 100. இந்தக் கடைசி வண்டியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். 98 சிசி, டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். இவ்வளவு லேசான உடம்பில் இவ்வளவு சக்தி இருந்ததால்தான் இன்றைக்கும் கல்லூரி வாசலில் அந்தச் சத்தம் கேட்டால் தலைகள் திரும்புகின்றன. புகை விதிகள் இறுக ஆரம்பித்ததும் 1996 மார்ச்சோடு உற்பத்தி நின்றது. அதே 1996-ல் மைசூர் ஜாவா தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஒரே வருடத்தில் இரண்டு இழவு என்று வண்டிப் பிரியர்கள் சொல்வதுண்டு.

இதன் பொருள் என்ன? இன்றைக்கு விற்பனைக்கு வருகிற ஆர்எக்ஸ் 100-களில் மிக இளையதுக்கே சுமார் முப்பது வயது. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ரப்பருக்கும், யாரும் மாற்றியிருக்காவிட்டால், அதே வயது.

பரங்கிப்பேட்டையில் வண்டி நிற்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. பல தலைமுறைகளாகக் கடல் கடந்து பிழைக்கப் போகிற ஊர் இது. அன்று சிங்கப்பூர், மலேசியா, பின்னால் வளைகுடா. ஊரிலிருக்கும்போது ஆசையாக வாங்கிய வண்டியை விசா வந்ததும் மூடி வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வந்தால் ஒரு மாதம் ஓடும். அம்மா விற்க விட மாட்டார். "புள்ள வந்தா ஓட்டுவான்." பாசம் நியாயம்தான். ஆனால் இந்த மாதிரி வண்டியில்தான் மீட்டர் குறைவாகவும் நோய் அதிகமாகவும் இருக்கும்.

நிற்கும் வண்டிக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

முதலில் பெட்ரோல். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் மெதுவாக ஆவியாகி, கடைசியில் பழுப்பு நிறப் பிசினை விட்டுப் போகும். ஊசி முனை அளவு துளையுள்ள பைலட் ஜெட்டை அடைக்க அந்தப் பிசினே போதும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐடிலிங் நிற்காது, சோக் போட்டால்தான் ஓடும். அப்படி இருந்தால் மெக்கானிக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவார். அதோடு டேங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பாதி காலியான டேங்கில் மேல் பாதி காற்று. கடற்கரைக் காற்றின் ஈரம் இரவில் உள்சுவரில் வியர்த்து, அங்கே துரு பிடிக்கும். கார்ப்பரேட்டரை மட்டும் கழுவினால் பத்தே நாளில் துருத்தூள் மறுபடி வந்து அடைக்கும். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

இதில் சமீப கால வரலாறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2003-ல் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலக்கும் திட்டம் ஆரம்பித்தது. வெகுகாலம் நொண்டிக்கொண்டிருந்தது, 2022 ஜூனில் நாடு முழுவதும் சராசரி 10 சதவீதத்தை எட்டியது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வந்து, 2025-ல் பெரும்பாலான இடங்களில் அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். 1980-களில் வடிவமைத்த ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் இந்த எரிபொருளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. தினமும் ஓடுகிற வண்டியில் புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால் பாதிப்பு குறைவு. நிறுத்தி வைக்கிற வண்டிக்குத்தான் அடி. மூன்று நான்கு வாரம் தொடப் போவதில்லை என்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரில் இருப்பது தீரும் வரை இன்ஜினை ஓட விடுவது நல்லது. பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்ற அதிகம் செலவாகாது. அதை முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

அடுத்தது ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினில் கிராங்க் இருக்கும் அறைதான் பம்பு மாதிரி வேலை செய்து பெட்ரோல் கலவையை மேலே அனுப்புகிறது. கிராங்கின் இரண்டு முனைகளிலும் ரப்பர் சீல்கள் காற்றுப் புகாமல் காக்கின்றன. வருடக்கணக்கில் அசையாமல் நின்றால் அந்த ரப்பர் இறுகி விளிம்பு வெடிக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் பாக்ஸ் ஆயிலை இன்ஜின் குடிக்கும், வெள்ளைப் புகை கக்கும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். மேக்னட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே வரும். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகும். வண்டி முன்னை விட வேகமாகப் போவது போலக்கூடத் தோன்றும். முட்லூரைத் தாண்டி கடலூர் ரோட்டில் முறுக்கும்போது சூடேறி பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். பின் சக்கரம் அப்படியே லாக். அந்த அரை நொடியில் கிளட்சைப் பிடிக்கத் தெரிந்தவர் தப்பிப்பார். பின்னால் பஸ் வந்தால் அதுவும் சந்தேகம். சீல் விலை குறைவு. மாற்றும் கூலியும் ஒரு விபத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அதே இன்ஜினில் இன்னொன்று. யமஹாவில் 2டி ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டாம், தனி டேங்கில் ஊற்றினால் ஆட்டோலூப் பம்பு தானே அனுப்பும். 1960-களில் யமஹா கொண்டு வந்த வசதி. நெடுநாள் நின்ற வண்டியில் அந்தக் குழாயில் காற்றுக் குமிழி நின்றிருக்கலாம். ஆயில் டேங்க் நிறைந்திருக்கும், ஒரு சொட்டு இன்ஜினுக்குப் போகாது! பம்பிலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, முதல் டேங்க் பெட்ரோலில் பாதுகாப்புக்கு ஆயிலும் கலந்து, ஆயில் அளவு மெல்ல இறங்குகிறதா என்று கவனித்த பிறகுதான் பம்பை நம்ப வேண்டும்.

புல்லட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, வேறு உண்டு. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் நாளாக நாளாக ஆயில் தன் அறையிலிருந்து கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். முதல் நாள் கிக் அடித்தால் தெருவே புகையாகும். இன்ஜின் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை, வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்றைய வண்டியில் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும்.

பிரேக்கும் டயரும்தான் உயிர் சம்பந்தப்பட்டவை. டயரில் நல்ல பட்டன் இருக்கிறது என்று விற்கிறவர் காட்டுவார். பட்டன் இருப்பது ஓடாததால். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் கல்லாகியிருக்கும், மழைத் தண்ணீரில் சோப்பு மாதிரி வழுக்கும். 2000-க்குப் பிறகு வந்த டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2309 என்றால் 2009-ம் வருடத்தின் 23-வது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் போன நூற்றாண்டு டயர், பேரமே பேச வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். டிரம் பிரேக்கில் ஷூவின் உலோகத்தோடு லைனிங்கை ஒட்டியிருப்பார்கள். ஈரமும் வயதும் சேர்ந்து அந்த ஒட்டு விட்டுப் போவதுண்டு. தேயாத லைனிங் கழன்று டிரம்முக்குள் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். 'தேயவே இல்லை' என்பது இங்கே பாராட்டு அல்ல. கேபிள்களும் அப்படித்தான். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒவ்வொரு இழையாகத் துருப்பிடித்து அறுந்திருக்கும்.

இவை எல்லாம் காலம் செய்கிற வேலை. கடலூர் மாவட்டத்தில் தண்ணீர் செய்த வேலையும் உண்டு, அதை விற்கிறவர் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி பரங்கிப்பேட்டையைச் சுற்றிய கடலோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. உயிரும் வீடும் போன நேரத்தில் பைக்கைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அன்று மூழ்கிய வண்டிகளில் பல கழுவி, பெயின்ட் அடித்து, பிறகும் கைமாறத்தான் செய்யும். மூழ்கிய வண்டியின் மீட்டரும் குறைவாகத்தான் காட்டும், அதற்குப் பிறகு அது ஓடவில்லையே! ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே காய்ந்த சேறு இருக்கிறதா, மீட்டர் கண்ணாடிக்குள் தண்ணீர்க்கோடு தெரிகிறதா, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வருகிறதா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் போதும். உப்புத் தண்ணீரில் மூழ்கிய வண்டி என்றால் ஒயரிங்கை முழுசாக மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மீட்டரைப் பற்றியே ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் ஐந்து இலக்க மீட்டர், 99,999-க்குப் பிறகு பூஜ்யம். கேபிள் அறுந்தால் பலர் மாற்றுவதே இல்லை, மீட்டரை மட்டும் புதிதாக மாட்டுகிறவர்களும் உண்டு. அதனால் மீட்டரை விடக் கால் வைக்கும் ரப்பர், கிக்கர் ரப்பர், சாவித் துளை இவற்றின் தேய்வு உண்மை பேசும்.

மூன்றாவது காரணம் வழக்கொழிதல். புத்தகப்படி பார்த்தால் உற்பத்தி நின்ற வண்டியின் மதிப்பு விழ வேண்டும். ஆர்எக்ஸ் 100 விஷயத்தில் தலைகீழாக நடந்திருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் வண்டி, அன்றைய ஷோரூம் விலையைப் போலப் பல மடங்குக்குப் போகிறது. ஆனால் பாகங்கள் வழக்கொழிந்தது வழக்கொழிந்ததுதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் நிறையக் கிடைக்கும், அதில் எது கம்பெனி பாகம், எது நேற்று வார்த்தது என்று பிரித்துப் பார்க்க அனுபவம் வேண்டும். 2018-ல் ஜாவாவும் 2022-ல் யெஸ்டியும் புதிய நிறுவனத்தின் கையில் திரும்பி வந்தன. பெயர் மட்டும்தான் பழசு, அந்த பிஸ்டன் மைசூர் வண்டிக்குள் போகாது. அதனால் பழைய பாகத்தைக் கழற்றினால் தூக்கி எறியக் கூடாது, லேத் பட்டறைக்காரர் அதை வைத்துத்தான் புதிதாகக் கடைவார்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. ஷெட்டில் நின்ற வண்டிக்கு யார் புதுப்பித்திருப்பார்கள்? பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் பழைய உரிமையாளர் கையெழுத்து வேண்டும், அவர் துபாயிலிருந்தால் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டியதுதான். புதுப்பிக்கப் போகும்போது வண்டியையும் கொண்டு போய்க் காட்ட வேண்டும். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். கடலோரத்தில் பல வருடம் நின்ற வண்டியில் அந்த எண்ணே துருவில் அரித்துப் போயிருக்கலாம். படிக்க முடியாத எண்ணோடு ஆய்வாளர் முன் போய் நின்றால் வண்டி திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிக்கும் வேலை வாங்கியவர் தலையில் விழும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துப் போய், கொஞ்சம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த இடத்தைத் துடைத்து, எல்லா எழுத்தும் தாளில் விழுகிறதா, ஆர்.சி.யில் இருப்பதோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.